கேன் சிப்புக்குக் கிளாக் தேடும் பிள்ளைகளுக்கு

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டி, டிராக்டர், லிஃப்ட், பேருந்து என்று எதைத் திறந்தாலும் உள்ளே கேன் பஸ் ஓடுகிறது. படிப்பை முடித்து வரும் பிள்ளைகள் தங்கள் முதல் போர்டிலேயே ஒரு கேன் சிப்பை வைக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அந்தச் சிப்பின் இரண்டு கிளாக் கால்களில் எதை இணைப்பது என்ற கேள்வியை மட்டும் கடைசிக்குத் தள்ளி, டப்பாவில் கிடக்கும் ஏதோ ஒரு கிரிஸ்டலைச் சால்டர் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு வாரக்கணக்கில் புரோகிராமில் பிழை தேடுகிறார்கள். அந்த வாரங்களை மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் உங்கள் கைக்கு முதலில் வருவது எம்சிபி2515 என்பதால் அதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன்.

1. உங்கள் பஸ்ஸில் கிளாக்குக்குத் தனிக் கம்பி உண்டா என்று முதலில் பாருங்கள். எஸ்பிஐ, ஐ2சி இரண்டிலும் உண்டு. அங்கே கிளாக் கொஞ்சம் முன்பின் ஆனாலும், அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே துடிப்பைப் பார்ப்பதால் தகவல் கெடாது. யூஆர்ட், லின், கேன், யூஎஸ்பி ஆகியவற்றில் அந்தக் கம்பி இல்லை. இந்த வகைக்குத்தான் கிளாக் மூலத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. கேன் எப்படி நேரம் காக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் கிரிஸ்டல் வாங்கப் போகாதீர்கள்.

போஷ் நிறுவனத்தில் ஊவே கீன்கேயின் குழு 1983இல் தொடங்கி, 1986 பிப்ரவரியில் டெட்ராய்ட் வாகனப் பொறியாளர் மாநாட்டில் கேனை உலகுக்குக் காட்டியது. அதில் தலைவர் என்று யாரும் கிடையாது. இரண்டு கம்பிகள், அவற்றில் தொங்கும் ஒவ்வொரு நோடுக்கும் சொந்தமாக ஒரு கிளாக். கச்சேரி மேடையில் ஒவ்வொருவரும் தாளத்தைத் தம் மனத்துக்குள்ளேயே போட்டுக்கொண்டு, சமம் வரும்போது ஒன்றுகூடுவார்களே, அப்படித்தான் இங்கும். ஒரு நோடு பேசத் தொடங்கியதும் மற்ற நோடுகள் அதன் முதல் பிட்டின் விளிம்பில் தங்கள் நேரத்தைப் பொருத்திக்கொள்கின்றன. அதன்பின், லெவல் ரெசெஸிவிலிருந்து (ஓய்வு நிலை) டாமினன்ட்டுக்கு (மேலோங்கும் நிலை) மாறும் ஒவ்வொரு விளிம்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்கின்றன.

விளிம்பே வராவிட்டால்? அதற்காகத்தான் பிட் ஸ்டஃபிங் இருக்கிறது. தொடர்ந்து ஐந்து பிட் ஒரே மாதிரி வந்தால், அனுப்புகிற சிப் எதிர் மாதிரியான ஒரு பிட்டைத் தானே செருகிவிடும். இதனால் திருத்திக்கொள்ள உதவும் இரண்டு விளிம்புகளுக்கு நடுவில் அதிகபட்சம் 10 பிட்டுகள்தான் இருக்க முடியும். அந்த 10 பிட் நேரத்துக்குள் உங்கள் கிளாக்கும் எதிராளியின் கிளாக்கும் எவ்வளவு விலகலாம் என்பதுதான் கிளாக் தேர்வின் கேள்வி. கிரிஸ்டலின் விலை, அளவு, கிடைக்கும் இடம் எல்லாம் அதற்குப் பிறகு.

3. கணக்கைப் பஸ்ஸின் வேகத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போடுங்கள். வினாடிக்கு 500 கிலோபிட் என்றால் ஒரு பிட்டின் நீளம் 2 மைக்ரோ வினாடி. அந்தப் பிட்டைச் சிப் சின்னச் சின்னக் குவாண்டங்களாக வெட்டும். கேன் விதிப்படி ஒரு பிட்டுக்கு 8 முதல் 25 குவாண்டம் வரை இருக்கலாம். எம்சிபி2515 தன் கிளாக்கை முதலில் இரண்டால் வகுத்துவிடும் என்பதை மறக்காதீர்கள். 8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் மிகச் சிறிய குவாண்டம் 250 நானோ வினாடி. 16 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 125 நானோ வினாடி.

இப்போது பாருங்கள். 500 கிலோபிட்டுக்கு 8 மெகாஹெர்ட்ஸில் சரியாக 8 குவாண்டம் வருகிறது. விதியின் அடிமட்டத்தில் நிற்கிறோம். 1 மெகாபிட்டுக்கு 4 குவாண்டம்தான் வரும், ஆகவே அந்த வேகம் நடக்காது. 16 மெகாஹெர்ட்ஸில் 1 மெகாபிட்டுக்கு 8, 500 கிலோபிட்டுக்கு 16, 250க்கு முன்வகுப்பியை ஒரு படி ஏற்றி மறுபடியும் 16. எல்லாமே மீதமில்லாமல் வகுபடுகின்றன. புதிதாக வரையும் போர்டில் எம்சிபி2515க்கு 16 மெகாஹெர்ட்ஸ் போடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். குவாண்டங்கள் அதிகமாக இருந்தால், பிட்டை எந்த இடத்தில் வாசிப்பது என்பதை நுணுக்கமாக நகர்த்தவும் முடியும். நீளமான கேபிளில் அலை போய்த் திரும்ப ஆகும் நேரத்துக்கு இடம் ஒதுக்க இது கைகொடுக்கும்.

4. ரெடிமேட் மாட்யூல் வாங்கினால், கிரிஸ்டலின் உலோக மூடியில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் மலிவான எம்சிபி2515 மாட்யூல்களில் பெரும்பாலும் 8.000 என்று இருக்கும். பல லைப்ரரிகளும் எடுத்துக்காட்டு புரோகிராம்களும் 16 என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. இரண்டும் பொருந்தாமல் போனால், நீங்கள் 500 என்று கேட்டது கம்பியில் 250ஆகப் போகும். சிப் எந்தக் குறையும் சொல்லாது. எஸ்பிஐ வழியாக ரெஜிஸ்டர்கள் எல்லாம் சரியாகப் படிக்கும், எழுதும். பஸ்ஸில் மட்டும் ஒரு செய்தியும் வராது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. பவர் கொடுத்ததும் எம்சிபி2515 தன் மூன்றாம் காலில், அதாவது கிளாக்-அவுட் காலில், கிரிஸ்டலின் எட்டில் ஒரு பங்கு வேகத்தைத் தானாகவே வெளியே தரும். உங்கள் புரோகிராம் அதை மாற்றாத வரை 16க்கு 2 மெகாஹெர்ட்ஸும் 8க்கு 1 மெகாஹெர்ட்ஸும் அங்கே தெரியும். ராஸ்பெர்ரி பையில் லினக்ஸ் டிரைவர் வைத்திருப்பவர்கள் ஆஸிலேட்டர் மதிப்பை அமைப்புக் கோப்பில் ஹெர்ட்ஸ் கணக்கில் எழுத வேண்டும். அங்கே ஒரு சுழியம் கூடினாலும் குறைந்தாலும் இதே கதிதான்.

5. எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை நீங்களே கணக்கிடுங்கள்.

விளிம்பு வரும்போது ஒரு நோடு அதிகபட்சம் எத்தனை குவாண்டம் நகர்ந்து திருத்திக்கொள்ளலாம் என்பதை எஸ்ஜேடபிள்யூ என்ற அமைப்பு முடிவு செய்கிறது. 10 பிட்டுக்குள் இரண்டு கிளாக்குகளும் எதிரெதிர்த் திசையில் விலகினால் மொத்த விலகல் 20 பங்கு. ஆகவே எஸ்ஜேடபிள்யூவை, ஒரு பிட்டின் குவாண்டம் எண்ணிக்கையை 20 மடங்காக்கிய எண்ணால் வகுத்தால், ஒரு நோடுக்கு அனுமதிக்கப்படும் பிழை கிடைக்கும். 16 குவாண்டம் பிட், எஸ்ஜேடபிள்யூ 1 என்றால் 320இல் ஒன்று, அதாவது 0.31%. எஸ்ஜேடபிள்யூ 3 என்றால் 0.94%. பிழை அறிவிப்பு நேரத்துக்கு என்று இன்னொரு விதியும் உண்டு. இரண்டாம் ஃபேஸ் பகுதிக்கு, அதாவது பிட்டில் வாசிக்கும் இடத்துக்குப் பின் வரும் பகுதிக்கு, 4 குவாண்டம் கொடுத்திருந்தால் அந்த விதி ஏறக்குறைய 0.98% வரை விடும். இரண்டில் எது சிறியதோ அதுதான் உங்கள் எல்லை.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். கேன்ஓப்பன், ஜே1939 போன்ற முறைகள் பிட்டை 87.5% இடத்தில் வாசிக்கச் சொல்கின்றன. 16 குவாண்டத்தில் அப்படி வைத்தால் இரண்டாம் ஃபேஸுக்கு 2 குவாண்டம்தான் மிஞ்சும். எம்சிபி2515இல் எஸ்ஜேடபிள்யூ அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பதால் 1தான் வைக்கலாம். எல்லை 0.31%க்கு இறங்கிவிடுகிறது. வாசிக்கும் இடத்தைப் பின்னுக்குத் தள்ளத் தள்ள நீளமான கேபிள் தாங்கும், ஆனால் கிளாக் கண்டிப்பாக இருக்க வேண்டியிருக்கும். கேபிளைப் பார்ப்பவர் ஒருவர், கிரிஸ்டலைப் பார்ப்பவர் வேறொருவர் என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொடர்பு யார் கண்ணிலும் படாமல் போய்விடும். ஒரே ஆள் இரண்டையும் பார்ப்பது நல்லது.

6. இப்போது கடைக்குப் போகலாம். நான்கு வகைகள் உங்கள் முன் இருக்கும்.

மைக்ரோகண்ட்ரோலருக்குள்ளேயே இருக்கும் ஆர்சி ஆஸிலேட்டர் இலவசம், நொடியில் எழுந்துகொள்ளும். ஆனால் ஏடிமெகா328பி சிப்பின் உள் ஆஸிலேட்டருக்குத் தொழிற்சாலை தரும் உறுதி 10% மட்டுமே. எஸ்டிஎம்32 வகைகள் பலவற்றில் அறை வெப்பநிலையில் 1% அளவு. சூடு ஏறினால் இன்னும் விலகும். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் இது கேனுக்கு ஆகாது என்பது விளங்கும்.

செராமிக் ரெசனேட்டர் பொதுவாக 0.5% அளவில் இருக்கும். வெப்பமும் வயதும் அதற்கு மேல் சேரும். போஷின் விவரக்குறிப்பே 125 கிலோபிட் வரை ரெசனேட்டர் போதும், அதற்கு மேல் முழு வேக எல்லைக்கும் குவார்ட்ஸ் வேண்டும் என்று சொல்கிறது. அந்த வரியை மதியுங்கள்.

குவார்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் 50 பிபிஎம்கூட 0.005%தான். 0.31% எல்லைக்குள் அது அறுபது முறை அடங்கும். ஆகவே சாதாரணக் கேனுக்கு 10 பிபிஎம் கிரிஸ்டல் தேடி அதிகப் பணம் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை வெப்பநிலைத் தரத்தில் போடுங்கள். இன்ஜின் அருகே போகும் போர்டுக்கு 85 டிகிரி கிரிஸ்டல் போதாது. 125 டிகிரி வரை உறுதி தரும், வாகனத் தரச் சான்று பெற்ற பாகத்தைக் கேளுங்கள்.

நான்காவது, ஆஸிலேட்டரே தனிப் பெட்டியாக வருவது. விலை கூடும், மின்சாரம் தின்னும். ஆனால் லோடு கெப்பாசிட்டர் கணக்கு, எழுந்துகொள்ளுமா என்ற கவலை எதுவும் இல்லை. அதிகம் அதிரும் இடங்களுக்கும், ஒரே கிளாக்கைப் பல சிப்புகளுக்குத் தர வேண்டிய இடங்களுக்கும் நான் இதையே விரும்புவேன். வாங்கும்போது ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் வகை இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது மின்காந்த இரைச்சலைக் குறைக்க வேண்டுமென்றே அதிர்வெண்ணை அலையவிடும்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டை ஒரு முறை உற்றுப் பாருங்கள். யூஎஸ்பி பேசும் சிப்புக்குக் கிரிஸ்டல். பக்கத்தில் உள்ள முக்கிய சிப்புக்கு ரெசனேட்டர். யூஎஸ்பியின் முழுவேக முறை 0.25%க்கு மேல் விடாது, யூஆர்ட் விடும். ஒரே போர்டில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தேவையானதைத் தேவையான இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

7. லின் பஸ்ஸின் அடிமை நோடுக்கு மட்டும் ஆர்சி ஆஸிலேட்டர் போதும். மாஸ்டர் ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் 0x55 என்ற ஒத்திசைவு பைட்டை அனுப்பும். அதை அளந்து அடிமை தன் வேகத்தைத் திருத்திக்கொள்ளும். மாஸ்டருக்கு அந்தச் சலுகை கிடையாது.

8. ஒரே கிரிஸ்டலில் யூஆர்ட், கேன் இரண்டையும் ஓட்ட நினைத்தால் இரண்டு கணக்கையும் போடுங்கள். 8051 ஆய்வகத்தில் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைப் பார்த்திருப்பீர்கள். அதை 12ஆலும் 32ஆலும் 3ஆலும் வகுத்தால் அச்சாக 9600 வரும். அதே இடத்தில் 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் பிழை 8.5%, ஒரு எழுத்தும் சரியாக வராது. அதனால் 11.0592 எல்லாவற்றுக்கும் நல்ல கிரிஸ்டல் என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. கேனுக்கு அது நல்லதல்ல. எம்சிபி2515இல் அதைப் போட்டு 500 கிலோபிட் கேட்டால், கிடைப்பது ஏறக்குறைய 502.7. அரை சதவீதத்துக்கு மேல் பிழையைப் பிறவியிலேயே சுமந்துகொண்டு பஸ்ஸுக்குப் போகிறீர்கள்.

மறுபக்கம், கேனுக்குப் பிடித்த 16 மெகாஹெர்ட்ஸில் ஏவிஆர் சிப் 115200 பேசினால், நல்ல அமைப்பிலேயே 2.1% பிழை. என் யோசனை, கிரிஸ்டலைக் கேனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு யூஆர்ட் வேகத்தை மாற்றுங்கள். 38400இல் பிழை 0.2%தான், 250000, 500000 ஆகியவை 16 மெகாஹெர்ட்ஸில் துல்லியமாகவே வரும். யூஆர்ட்டின் மறுமுனை பெரும்பாலும் உங்கள் லேப்டாப்தான், அதை மாற்றலாம். வாகனத்தின் பஸ் வேகத்தை மாற்ற உங்களுக்கு உரிமை இல்லை.

9. லோடு கெப்பாசிட்டரை ஊகத்தில் போடாதீர்கள். கிரிஸ்டலின் டேட்டாஷீட்டில் லோடு மதிப்பு இருக்கும். அதிலிருந்து போர்டின் தாமிரப் பாதையும் சிப்பின் காலும் தானாகச் சேர்க்கும் 5 பிகோஃபாரட் அளவைக் கழித்து, வருவதை இரண்டால் பெருக்குங்கள். 18 பிகோஃபாரட் கிரிஸ்டலுக்கு 26 வரும், 27 போடலாம். 12 என்றால் 14 வரும், 15 போடலாம். இதில் தவறினால் அதிர்வெண் சில பத்து பிபிஎம் நகரும், கேனுக்கு அது பொருட்டல்ல. உண்மையான ஆபத்து, கெப்பாசிட்டர் பெரிதாகிவிட்டால் குளிரிலோ குறைந்த வோல்ட்டேஜிலோ கிரிஸ்டல் எழாமலே போவது.

ஸ்கோப் புரோபைக் கிரிஸ்டல் காலில் வைத்து அளக்காதீர்கள். புரோபே பத்துப் பிகோஃபாரட்டுக்கு மேல் சேர்க்கும். ஓடுவதை நிறுத்திவிடும், சில நேரம் நின்றதை ஓட்டியும்விடும். இரண்டும் பொய்த் தகவல். முன்பு சொன்ன கிளாக்-அவுட் காலில் அளந்து பாருங்கள்.

10. கிரிஸ்டலைச் சிப்பை ஒட்டி வையுங்கள். கீழே வேறு சிக்னல் ஓடக் கூடாது. சால்டர் செய்தபின் ஃபிளக்ஸைக் கழுவுங்கள்; கடலோர ஈரக்காற்றில் அந்தக் கறை வழியே மின்கசிவு ஏற்படும்.

11. கிளாக்-அவுட் காலிலிருந்து மைக்ரோகண்ட்ரோலருக்கும் கிளாக் கொடுத்து ஒரு கிரிஸ்டலை மிச்சப்படுத்தலாம் என்று தோன்றும். பேட்டரியில் ஓடாத கருவிக்குச் செய்யுங்கள். தூங்கி எழும் கருவிக்கு யோசியுங்கள். எம்சிபி2515ஐத் தூங்கச் சொன்னால் இன்னும் 16 துடிப்பு தந்துவிட்டு நிறுத்திவிடும். அதற்குள் உங்கள் மைக்ரோகண்ட்ரோலர் செய்ய வேண்டியதைச் செய்து முடித்தாக வேண்டும். பஸ்ஸில் அசைவு கண்டு சிப் எழும்போது, கிரிஸ்டல் ஓடத் தொடங்கி, அதன்பின் 128 துடிப்பு எண்ணிய பிறகே வேலைக்கு வரும். வந்ததும் கேட்க மட்டும் செய்யும் நிலையில் நிற்கும். எழுப்பிய அந்த முதல் செய்தி உங்களுக்குக் கிடைக்காது. அந்தச் செய்தி முக்கியமானதாக இருந்தால் அனுப்புகிறவர் மீண்டும் அனுப்பும்படி முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

12. கேன் எஃப்டி என்றால் கணக்கு மாறும். அங்கே தகவல் பகுதி 2 அல்லது 5 மெகாபிட்டில் ஓடும். 20, 40, 80 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் ஒன்றையே எடுங்கள். முடிந்தால் பஸ்ஸின் எல்லா நோடுக்கும் ஒரே அதிர்வெண், ஒரே வாசிப்பு இடம். 40 மெகாஹெர்ட்ஸில் 5 மெகாபிட்டுக்கு 8 குவாண்டம் வரும், 20இல் 4தான். 16ஐ இங்கே தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

13. உங்கள் போர்டை உங்கள் இன்னொரு போர்டோடு மட்டும் பேசவைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் ஒரே தவறான கிரிஸ்டல் இருந்தால் இரண்டும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொள்ளும். 502.7 போர்டும் மேசையில் ஒரே ஒரு நல்ல நோடோடு சேர்ந்து ஓடிவிடலாம், ஏனென்றால் எதிராளி துல்லியமாக இருந்தால் அவருடைய பங்குச் சலுகையையும் நீங்களே எடுத்துக்கொள்கிறீர்கள். பத்து நோடு உள்ள வண்டியில், வெயிலில், அந்தச் சலுகை இருக்காது.

இதை நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறான வேகத்தில் கேட்கும் நோடு சும்மா இருக்காது. தனக்குப் புரியாத ஒவ்வொரு செய்தியின் மீதும் ஆறு டாமினன்ட் பிட்டுகளைப் போட்டு அதை அழிக்கும். அதன் பிழைக் கணக்கு 127ஐத் தாண்டும் வரை மற்றவர்களின் பேச்சு முழுவதும் கெடும். பிரேக்கும் பேட்டரிப் பாதுகாப்பும் பேசிக்கொள்ளும் கம்பி அது. அதில் யாரோ ஒருவரின் உயிர் பயணம் செய்கிறது. ஆகவே புதிய போர்டை உண்மையான வாகனத்தில் இணைக்கும்போது முதலில் கேட்க மட்டும் செய்யும் முறையில் வையுங்கள். அந்த முறையில் சிப் கம்பியில் ஒரு பிட்டும் போடாது. செய்திகள் பிழையில்லாமல் வந்தால் மட்டும் பேச அனுமதி கொடுங்கள்.

14. கடைசிச் சோதனை, கிரிஸ்டல் எவ்வளவு தெம்போடு ஓடுகிறது என்பது. கிரிஸ்டலோடு தொடராக ஒரு சிறிய ரெசிஸ்டரைச் சேர்த்து, பவரை அணைத்து மீண்டும் போடுங்கள். எழுந்தால் மதிப்பைக் கூட்டுங்கள். எந்த மதிப்பில் எழாமல் போகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது கிரிஸ்டலின் உள் எதிர்ப்பான ஈஎஸ்ஆர் மதிப்பைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும். அறையில் ஒரு முறை, சூட்டுப் பெட்டியில் ஒரு முறை, குளிரில் ஒரு முறை, சப்ளை வோல்ட்டேஜின் கீழ் எல்லையில் ஒரு முறை செய்யுங்கள். வந்த எண்களை, கிரிஸ்டலின் அதிர்வெண், லோடு மதிப்பு, பிட்டுக்கு எத்தனை குவாண்டம், வாசிப்பு இடம், எஸ்ஜேடபிள்யூ ஆகியவற்றோடு சேர்த்துச் சர்க்யூட் வரைபடத்திலேயே கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கிரிஸ்டல் சந்தையில் கிடைக்காமல் போய், மாற்றுப் பாகம் தேடும் பிள்ளைக்கு அது தேவைப்படும்.